ஐயர் எந்த வீட்டில் சாப்பிட்டார்?

திருமங்கலத்தைச் சுற்றியுள்ள கரிசல் காட்டு ஊர்களில் ஞாயிறு ஆராதனை முடிந்த அரை மணி நேரத்துக்குள் ஒரு விசாரணை தெரு முழுக்கச் சுற்றி வந்துவிடும். பிரசங்கம் நன்றாக இருந்ததா என்று யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. "ஐயருக்கு இன்னைக்கு யாரு வீட்ல சாப்பாடு?" என்பதுதான் கேள்வி.

தென்மாவட்டங்களுக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு விளக்கம்: தென்னிந்தியத் திருச்சபையின் ஆயரை இங்கே ஐயர் என்பார்கள், அவர் மனைவி ஐயரம்மா. ஒரு குருசேகரத்தில் நடுவே ஒரு தாய்ச்சபை, சுற்றிலும் பல கிராமச் சபைகள். ஐயர் ஒருவர்தான். எனவே ஒரு கிராமத்துக்கு அவர் மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிறுதான் வர முடியும். மற்ற வாரங்களில் உபதேசியாரோ சபை மூப்பரோ ஆராதனை நடத்துவார்கள். ஐயர் வருகிற ஞாயிறுதான் திருவிருந்து உள்ள ஞாயிறு. அன்று மதியம் அவர் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். போன மாதம் எந்த வீடு, இந்த மாதம் எந்தத் தெரு, இலை போட்டுச் சாப்பிட்டாரா, "வயிறு சரியில்லை" என்று காபியோடு எழுந்துவிட்டாரா? இந்தக் கணக்கெல்லாம் ஊரில் யாரோ ஒருவர் மனசுக்குள் எழுதிக்கொண்டே இருப்பார். மே மாத மாற்றலில் புதிதாக வரும் ஆயர் முதலில் படிக்கிற பாடமும் இதுதான்.

வெறும் ஊர்ப்பேச்சு என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் மதுரைச் சமவெளியில் கிறிஸ்தவப் போதகர்களின் நானூறு ஆண்டு வாழ்க்கையைப் புரட்டினால், பெரிய சண்டைகள் பலவும் சோற்றைச் சுற்றியே நடந்திருப்பது தெரியும். யார் சமைத்தது, யாரோடு உட்கார்ந்து உண்டது, அந்த அரிசிக்கு யார் காசு கொடுத்தது?

1606 இறுதியில் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நோபிலியே இதற்கு முதல் சாட்சி. அவருக்கு முன்பே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்ச்சுக்கீசியப் பாதிரியார் பல ஆண்டுகளாக மதுரையில் இருந்தார். கடற்கரையிலிருந்து வந்து தங்கிய பரதவர்களுக்கு அவர் குரு. ஊர்க்காரர்கள் கண்ணில் அவர் பரங்கி: மாமிசம் தின்பவர், மது குடிப்பவர், யாரோடும் உட்கார்ந்து உண்பவர். நோபிலி தனி வீடு பார்த்தார், காவி உடுத்தினார், பிராமணச் சமையற்காரரை அமர்த்திக்கொண்டார். ஒரு நாளைக்கு ஒரு வேளை, சோறும் பாலும் காய்கறியும். தமிழும் வடமொழியும் கற்ற அவரது புலமையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆனால் மதுரையில் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டதில் அந்த அடுப்படிக்கும் பெரிய பங்கு உண்டு. பெர்னாண்டஸுக்கும் அவருக்கும் மூண்ட தகராறு கோவா வழியாக ரோமாபுரி வரை போனது. 1623 இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி நோபிலியின் முறைக்கு நிபந்தனைகளோடு அனுமதி தந்தார்.

அதற்கு ஒரு விலை இருந்தது. பிராமண சன்னியாசியாக வாழும் குரு ஒடுக்கப்பட்ட சாதியார் வீட்டு வாசலை மிதிக்க முடியாது. அதனால் 1640களில் பண்டாரசாமிகள் என்ற இரண்டாம் வகைக் குருக்கள் உருவானார்கள். இவர்கள் மற்றச் சாதியாரோடு பழகலாம். ஒரே சபை, ஒரே நற்கருணை, இரண்டு வகைச் சாமியார்கள், இரண்டு சமையல். அந்தக் காலத்துக்கு வேறு வழி இல்லை என்று சொல்வோர் உண்டு. இருக்கலாம். ஆனாலும் மதுரை மிஷன் சாதியிடம் தோற்ற இடமும் இதுதான்.

திருமங்கலம் இந்தக் கதைக்குள் வருவது 19 ஆம் நூற்றாண்டில். யாழ்ப்பாணத்தில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் 1834 இல் மதுரையில் கிளை தொடங்கினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் திண்டுக்கல், திருமங்கலம் என்று நிலையங்கள் பரவின. போதகர்களையும் ஆசிரியர்களையும் உருவாக்குவதற்கான பள்ளியை 1842 இல் அவர்கள் தொடங்கியது மதுரையில் அல்ல, திருமங்கலத்தில். மூன்றே ஆண்டில், 1845 இல், அது பசுமலைக்கு இடம்பெயர்ந்தது. வில்லியம் டிரேசி அதை நடத்தினார். பிறகு 1881 இல் கல்லூரியாகி, 20 ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மதுரை நகருக்குள் போய், இன்று கோரிப்பாளையத்தில் அமெரிக்கன் கல்லூரியாக நிற்பது இதே வேரில் முளைத்ததுதான். 2009 இடைத்தேர்தலுக்குப் பிறகு திருமங்கலம் என்றாலே ஓட்டுக்குப் பணம் என்ற 'பார்முலா' நினைவுக்கு வருகிறவர்கள் இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

பசுமலைக்குப் போன இரண்டே ஆண்டில் குண்டு வெடித்தது. சபையில் வேலை பார்க்கிற உபதேசியார், ஆசிரியர், மாணவர் எவராக இருந்தாலும் சாதியை விட்டுவிட்டதற்கு அடையாளமாக எல்லாரோடும் ஒன்றாக உட்கார்ந்து உண்ண வேண்டும் என்று 1847 இல் மிஷன் முடிவெடுத்தது. அதற்கு 'அன்பின் விருந்து' என்று பெயர். பரிமாறியது அன்பு என்று எல்லாருக்கும் படவில்லை. வேதத்தைத் தலைகீழாக ஒப்பிக்கத் தெரிந்தவர்கள், வருஷக்கணக்கில் ஊர் ஊராகப் பிரசங்கித்தவர்கள், இலைக்கு முன்னால் உட்கார மறுத்து வேலையை விட்டுப் போனார்கள். பசுமலைப் பள்ளியில் மாணவர் எண்ணிக்கை சரிந்தது. சில ஆண்டுகளில் சென்னை மாகாணத்துச் சீர்திருத்த சபை மிஷன்கள் பெரும்பாலும் இதே கொள்கைக்கு வந்தன. லைப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும் சாதி என்பது சமூக வழக்கம், அது மெல்லத்தான் கரையும் என்று விலகி நின்றது.

அமெரிக்கர்களின் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பங்களாவில் மேசை போட்டு, சமையற்காரர் வைத்துச் சாப்பிட்டவர்களுக்கு அது ஒரு கொள்கை. கூப்பிடப்பட்டவர்களுக்கோ அந்த ஒரு வேளைச் சாப்பாட்டில் மகளின் கல்யாணமும் தகப்பனின் சாவு வீடும் அடங்கியிருந்தன. எந்த உறவுக்காரரும் இனி வாசல்படி ஏறமாட்டார். விருந்தை மறுத்தவர்களை நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை. சாதியை ஒரு வேளை விருந்தால் முறித்துவிடலாம் என்ற நம்பிக்கை எவ்வளவு வெள்ளந்தியானது என்பதற்காகச் சொல்வது.

அடுத்த கேள்வி, ஆயருக்கு யார் படியளப்பது என்பது. இந்த மிஷனரிகளை அனுப்பிய அமெரிக்கன் போர்டின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் 1855 இல் நேரில் வந்து மதுரை மிஷனைப் பார்வையிட்டார். சபை தன்னைத் தானே ஆள வேண்டும், தன்னைத் தானே தாங்க வேண்டும், தானாகவே பரவ வேண்டும் என்பது அவர் கொள்கை. அதன்படி பார்த்தால், கிராமத்து ஆயர் கிராமம் கொடுக்க முடிந்ததை வாங்கிக்கொண்டு வாழ்பவராக இருக்க வேண்டும். ஆங்கிலம் படித்தால் பட்டணத்துச் சம்பளம் கேட்பார். ஆகவே தமிழில் படிக்கட்டும். பசுமலையில் ஆங்கிலத்துக்கு இடம் குறைந்தது. உள்ளூர்க்காரர்களை ஆயர்களாக அபிஷேகம் செய்வது வேகம் பிடித்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் எவ்வளவு படித்தவர் எவ்வளவு ஏழையாக வாழ வேண்டும் என்பதை பாஸ்டனிலிருந்து ஒருவர் வந்து தீர்மானித்தது இங்கிருந்த இளைஞர்களுக்குக் கசந்தது. கொஞ்ச காலத்தில் ஆங்கிலம் திரும்பி வந்தது.

ஆனால் அந்தக் கொள்கைக்குக் கைகால் கொடுத்தவர்கள் பெண்கள். உலையில் அரிசி போடும்போது ஒரு கைப்பிடியைத் தனியாக ஒரு பானையில் போட்டு வைப்பது, ஞாயிறன்று அதைக் கோயிலுக்குக் கொண்டு வருவது: பிடியரிசிக் காணிக்கை. காசு கையில் புழங்காத வீடுகளில், கணவனிடம் கேட்காமல் ஒரு பெண் தன் விருப்பப்படி கொடுக்கக்கூடிய ஒரே காணிக்கை இதுதான். தென்னாட்டில் மட்டும் இல்லை. மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபையில் 1910 இல் தொடங்கிய 'புஃபாய் தம்' என்ற கைப்பிடி அரிசித் திட்டம் இன்றும் அந்தச் சபையின் பெரிய வருமானங்களில் ஒன்று. அங்கே அது அமைப்பாக வளர்ந்தது. இங்கே ரேஷன் அரிசி வந்த பிறகு, பெரும்பாலான ஊர்களில் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவராக மாறிப் போயிற்று.

1876 இல் தாது வருஷப் பஞ்சம். கரிசல் பூமி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த இரண்டு ஆண்டுகளில் மிஷன்கள் கஞ்சி ஊற்றின, வேலை கொடுத்தன, அனாதைப் பிள்ளைகளை எடுத்து வளர்த்தன. அதன் பிறகு தென்னாட்டில் கும்பல் கும்பலாக ஞானஸ்நானம் கேட்டு வந்தார்கள். கூழுக்காக மாறியவர்கள் என்ற ஏச்சும் கூடவே பிறந்தது. பேரப்பிள்ளைகள் காலம் வரை அந்தச் சொல் துரத்தியது. பசித்தவனுக்குக் கூழ் கொடுத்த மதத்தின் மேல் அவன் நம்பிக்கை வைப்பதில் என்ன வெட்கம் இருக்கிறது என்று திருப்பிக் கேட்ட போதகர்களும் உண்டு. ஞானஸ்நானத்துக்குக் காத்திருக்கச் சொல்லி, இவர்கள் எதற்காக வருகிறார்கள் என்று மாதக்கணக்கில் சோதித்தவர்களும் உண்டு.

1947 செப்டம்பர் 27 ஆம் தேதி சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது, மதுரை இராமநாதபுரம் திருமண்டலத்துக்குப் பேராயராக வந்தவர் லெஸ்லி நியூபிகின். வயது 37. ஸ்காட்லாந்துத் திருச்சபையின் மிஷனரியாகக் காஞ்சிபுரத்தில் வேலை பார்த்தவர், தமிழ் பேசுபவர். பேராயர் என்ற பதவியே இல்லாத மரபிலிருந்து வந்து பேராயரானவர். அவரை உலகம் அறிந்தது இறையியலாளராக. ஆனால் அவர் எழுதியவற்றில் இந்த மண்ணின் வாசம் அதிகம் வீசுவது 1951 இல் வெளிவந்த தென்னிந்திய நாட்குறிப்பு நூலில்தான். கிராமம் கிராமமாகப் போய்த் திடப்படுத்தல் கொடுப்பது, மேளத்தோடு ஊர் எல்லையில் வந்து நிற்கும் சபையார், மாலை, சகதி, சபைத் தகராறு, இரவில் திறந்தவெளியில் தூக்கம் என்று போகிறது அது. 1952 இல் கிளாஸ்கோவில் அவர் ஆற்றி, அடுத்த ஆண்டு 'தேவனுடைய குடும்பம்' என்ற பொருளில் புத்தகமாக வந்த சொற்பொழிவுகள் உலகத் திருச்சபைகளில் பேசப்பட்டன. திருச்சபை என்றால் என்ன என்ற அந்தக் கேள்விக்குள் மதுரைப் பக்கத்துத் தெருக்கள் இருக்கின்றன.

அந்தத் தெருக்களில் அவர் கண்ட நடைமுறைச் சிக்கல் எளிமையானது. சபைகள் நூற்றுக்கணக்கில், ஆயர்கள் விரல்விட்டு எண்ணும்படி. கிராமத்தில் நிரந்தரமாக இருப்பவர் மிஷன் தொடக்கப் பள்ளி வாத்தியார். அவரே உபதேசியார், அவரே ஊருக்கு மனு எழுதிக் கொடுப்பவர். அவர் பிரசங்கிக்கலாம், ஜெபிக்கலாம், ஆனால் திருவிருந்து கொடுக்க முடியாது. அதற்கு ஐயர் வர வேண்டும். ஆக, கிறிஸ்தவ வாழ்வின் மையம் என்று சபை போதிக்கிற சாப்பாடு, கிராமத்தில் மட்டும் மாதம் ஒருமுறை, சில ஊர்களில் அதற்கும் அரிது. பல மரபுச் சபைகளை இணைத்துத் தென்னிந்தியத் திருச்சபையை உருவாக்கும் பேச்சு நடந்த ஆண்டுகளிலேயே, அங்கீகரிக்கப்பட்ட சபையார் திருவிருந்து நடத்தலாமா என்று கொங்கிரிகேஷனல் மரபினர் கேட்டார்கள். ஆங்கிலிக்கன்கள் ஒப்பவில்லை. சம்பளக்கார ஆயர்களை மட்டுமே நம்பும் முறையைப் பற்றி ஆங்கிலிக்கன் மிஷனரி ரோலண்ட் ஆலன் 1912 இலேயே எச்சரித்திருந்தார். நியூபிகின் அவரைப் படித்தவர். அந்தந்த ஊரில் வேறு தொழில் செய்து பிழைக்கும் மூப்பர்களையே ஆயர்களாக்கும் யோசனையை நியூபிகின் விடாமல் பேசினார். எழுபது ஆண்டு ஆகியும் அது பெரிய அளவில் வேரூன்றவில்லை. முழுநேர ஆயர் என்றால்தான் மரியாதை என்று சபையாரே நினைப்பதும் அதற்கு ஒரு காரணம்.

1950 ஜனவரியில் மதுரையில் கூடிய சினாடில் புதிய திருவிருந்து முறைமை முதன்முதலாகக் கையாளப்பட்டது. அதில் இரண்டு விஷயங்கள் கவனிக்கத்தக்கவை. ஆயர் மேசைக்குப் பின்னால், சபையைப் பார்த்து நிற்கிறார். கத்தோலிக்கத் திருச்சபையில் இது பரவலாவது இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1960களில். இரண்டாவது, சமாதானம் பகிர்தல். கேரளச் சிரியன் மரபிலிருந்து எடுத்தது. ஆயர் கையிலிருந்து மூப்பர் கைக்கு, மூப்பரிடமிருந்து வரிசை வரிசையாக, பக்கத்திலிருப்பவரின் உள்ளங்கையைத் தன் இரு கைகளுக்குள் வாங்கி அடுத்தவருக்குக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். தொட்டாலே தீட்டு என்றிருந்த ஊர்களில் இது எவ்வளவு பெரிய காரியம் என்று முறைமையை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1847 இல் இலையை வைத்துச் செய்யப் பார்த்ததை இங்கே கையை வைத்துச் செய்தார்கள், சண்டை போடாமல்.

இதே காலத்தில், திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் சாலையில் போனால் வரும் தே.கல்லுப்பட்டியில், ஆயர் அல்லாத ஒரு கிறிஸ்தவர் ஆயர்களுக்குக் குடைச்சல் கொடுத்துக்கொண்டிருந்தார். ஜே.சி. குமரப்பா. காந்தியப் பொருளியலாளர், கடைசி ஆண்டுகளைக் காந்தி நிகேதன் ஆசிரமத்தை ஒட்டிக் கழித்தவர். சிறையிலிருந்து அவர் எழுதிய நூல்களில் ஒன்று இயேசுவின் நடைமுறையையும் கட்டளைகளையும் பற்றியது. படித்துவிட்டுக் காந்தி அவருக்கு விளையாட்டாக 'டி.டி.' என்ற இறையியல் முனைவர் பட்டம் சூட்டினார். 1930 இலேயே, அகிம்சைப் போராட்டத்தின்மேல் தடி விழும்போது திருச்சபை வாய்மூடி இருப்பதேன் என்று ஆங்கிலிக்கன் பெருநகரப் பேராயர் வெஸ்ட்காட்டோடு எழுத்தில் மோதியவர் அவர். கைக்குத்தல் அரிசி, செக்கெண்ணெய், பனைவெல்லம் என்று பேசிய குமரப்பாவுக்கு, 'இன்றைய ஆகாரத்தை எங்களுக்குத் தாரும்' என்ற ஜெபம் பொருளாதாரக் கேள்வி. அந்த ஆகாரம் யார் உழைப்பு, யார் வயிற்றிலடித்து வந்தது? 1960 ஜனவரி 30 அன்று, காந்தி இறந்த அதே தேதியில், அவர் மறைந்தார். இந்தப் பக்கத்துப் பிரசங்க மேடைகளில் அவர் பெயர் அவ்வளவாகக் கேட்பதில்லை. இழப்பு மேடைகளுக்குத்தான்.

இன்றைய ஐயரின் வாரம் எப்படிப் போகிறது? ஞாயிற்றுக்குரிய தலைப்பைத் திருச்சபை அல்மனாக் முன்கூட்டியே தந்துவிடுகிறது. ஆனால் உட்கார்ந்து தயாரிக்க நேரம் கிடைப்பது பெரும்பாலும் சனிக்கிழமை இரவு. அதற்கு முன் ஐந்து நாளும் ஓட்டம். காலையில் புது பைக்குக்கு ஜெபம், பிறகு மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியில் சபையார் ஒருவரைப் பார்க்கப் பயணம், வழியில் போன், ஒரு கிராமத்தில் மரணம், பொழுது சாய்வதற்குள் அடக்கம். கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் பாதையில் வேலி போட்டது யார் என்ற பஞ்சாயத்தும் அதோடு சேர்ந்தது. சாயங்காலம் பெண்கள் ஐக்கியச் சங்கம். லெந்து நாட்களில் வீட்டுக்கூட்டம், பெரிய வெள்ளிக்கு ஏழு வார்த்தை, டிசம்பரில் விடிய விடியக் கேரல் பவனி, பழைய ஆண்டின் கடைசி ராத்திரி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை. போகிற வீட்டில் எல்லாம் ஏதாவது வாயில் போட்டாக வேண்டும். வேண்டாம் என்றால் அந்த வீடு சுருங்கிப் போகும். ஆயர்களில் சர்க்கரை நோயாளிகள் கணக்கை யாராவது எடுத்தால் நல்லது.

ஐயரம்மாவின் வாரத்தைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. அறிவிப்பில்லாமல் வந்து நிற்கும் கமிட்டிக்காரர்களுக்குக் காபி, சிறப்புப் பேச்சாளருக்குச் சாப்பாடு, அழுதுகொண்டு வரும் பெண்ணுக்கு அடுப்படியில் ஒரு மணை. ஆலோசனை என்று பாடப்புத்தகம் சொல்வதில் பாதி அந்த மணையில்தான் நடக்கிறது. அமெரிக்க மிஷனரி ஈவா சுவிஃப்ட் 1892 இல் மதுரையில் வேதாகமப் பெண்களுக்கென்று பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது, ஆண் போதகர் நுழைய முடியாத சமையற்கட்டுகளுக்குள் போக இவர்களால்தான் முடியும் என்பது கணக்கு. 1976 இல் தென்னிந்தியத் திருச்சபை முதல் பெண் ஆயரை அபிஷேகம் செய்தது. அந்த வேலையை அதற்கு முன் நூறு ஆண்டுகளாகச் சம்பளம் குறைவாகவோ இல்லாமலோ பெண்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

சோற்று விஷயத்தில் ஆயரிடம் வருஷந்தோறும் வருகிற ஒரு கேள்வி, இந்த வட்டாரத்துக்கே உரியது. திருமங்கலத்துக்குத் தெற்கே வடக்கம்பட்டி. ஊர் ஊராக முனியாண்டி விலாஸ் ஓட்டல் நடத்தும் குடும்பங்கள் கூடி, தை மாதத்தில் முனியாண்டி கோயிலில் கிடா வெட்டிப் பிரியாணி சமைத்து வந்தவர்க்கெல்லாம் வழங்கும் ஊர். சுற்றுவட்டாரமே கிடாவெட்டு, பொங்கல், அன்னதானம் என்று விருந்தில் செழித்தது. பக்கத்து வீட்டு மாமா பாசத்தோடு தூக்குவாளியில் கொடுத்தனுப்புகிறார். "படைச்சதா, படைக்காததா? திங்கலாமா ஐயா?"

இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் கொரிந்து பட்டணத்துச் சபை பவுலிடம் கேட்டதும் இதையேதான். விக்கிரகம் ஒன்றுமில்லை, ஆகவே உணவும் ஒன்றுமில்லை, ஆனால் நீ தின்பதைப் பார்த்துப் பலவீனமான சகோதரன் இடறுவான் என்றால் தின்னாதே என்பது பவுலின் பதிலின் சாரம். ஐரோப்பியச் செமினரிகளில் இந்த அதிகாரங்கள் பழைய கிரேக்க நகரத்து வரலாறு. திருமங்கலத்தில் அது செவ்வாய்க்கிழமை மதியம். ஒரு ஆயர் கறாராக வேண்டாம் என்பார். இன்னொருவர், மாமா முகம் வாடாமல் வாங்கிக்கொள், கேள்வி கேட்காதே என்பார். பெந்தெகொஸ்தே பாஸ்டர்களில் பெரும்பாலோர் முதல் கட்சி. இரண்டாவது கட்சிக்காரரை 'லிபரல்' என்பார்கள். அக்கம்பக்கத்தோடு அன்றாடம் வாழ வேண்டிய ஒருவருக்கு இந்தப் பதில், திரித்துவத்தைப் பற்றிய பத்துப் பிரசங்கத்தைவிட முக்கியம்.

சாப்பாட்டு மேசையைவிடக் கனமான ஒரு பொருள் ஆயர் குடியிருக்கும் குருமனையின் அலமாரியில் இருக்கிறது: பதிவேடு. 1872 ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் கீழ் ஆயர் நடத்தும் திருமணத்துக்கு அரசின் மதிப்பு உண்டு. காலை ஆறு மணி முதல் மாலை ஏழு மணிக்குள்தான் நடத்த வேண்டும் என்பதுவரை அதில் எழுதியிருக்கிறது. ஞானஸ்நானப் பதிவேடு அதைவிடச் சங்கடமானது. 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவர் பட்டியல் சாதியாகக் கருதப்படமாட்டார். சீக்கியர் 1956 இலும் பௌத்தர் 1990 இலும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடருக்குப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்தான். ஊரில் சேரி அதே சேரி, சுடுகாடு அதே சுடுகாடு, டீக்கடையில் பார்க்கிற பார்வையும் அதேதான். சான்றிதழில் மட்டும் சாதி மாறிவிடுகிறது.

விளைவு, ஒரே பிள்ளைக்கு இரண்டு பெயர். பள்ளியில் ஒன்று, கோயிலில் ஒன்று. ஆயருக்கு இரண்டும் தெரியும். ஞானஸ்நானம் கொடுத்தால் பதிய வேண்டும், பதிந்தால் பிள்ளையின் கல்லூரி இடமும் வேலையும் போகலாம். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவ வழிபாட்டில் தொடர்ந்தவர் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்வது அரசியலமைப்பையே ஏமாற்றுவதாகும் என்று தீர்ப்பளித்தது. குருமனை அலமாரியில் தூங்கும் நோட்டு நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும் என்பது அதற்குப் பிறகு எல்லா ஆயர்களுக்கும் தெரியும். இந்தக் கேள்வியை ஆராய 2022 இல் ஒன்றிய அரசு முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது. பேராயர்கள் அறிக்கை விடுகிறார்கள். ஆனால் தகப்பன் முன்னால் உட்கார்ந்து "பதியாம விட்டுருங்க ஐயா" என்று கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் ஒரு தனி மனிதர்.

இந்த வலியை இறையியலாக ஆக்கியவர் மதுரையில் ஒருவர் இருந்தார். அரசரடியில் 1969 இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி, தமிழிலேயே இறையியல் சொல்லிக் கொடுத்தது. மாணவர்களை வளாகத்துக்கு வெளியே குடிசைப் பகுதிகளிலும் கிராமங்களிலும் தங்கிப் படிக்க வைத்தது. ஆண்டர்சன் தமிழ்வழிப் படிப்பைச் சிக்கனத்துக்காகக் கேட்டார், அரசரடி அதைச் சுயமரியாதைக்காகக் கேட்டது. அங்கே கற்பித்தவர் ஜே. தியாபிலஸ் அப்பாவு. பரட்டை என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும். 1940 இல் பிறந்து 2005 இல் மறைந்தவர். பறையும் நாட்டுப்புற மெட்டும் கொண்டு கிராமிய வழிபாட்டு முறை அமைத்தவர். கடவுளை ஆணாகவும் பெண்ணாகவும் சேர்த்துப் 'பெத்தவரே' என்று கூப்பிட்டவர். அவருடைய இறையியலின் நடுவில் இருந்தது 'ஒரே உலை'. பல குடும்பம் ஒரே உலையில் பொங்கித் தின்பது. திருவிருந்து என்பது துளி அப்பமும் சொட்டு ரசமும் மட்டும் என்றால் பசித்தவனுக்கு அதில் என்ன இருக்கிறது என்று கேட்டவர். அவருடைய இசை பற்றி அமெரிக்க இசையியலாளர் ஜோயி ஷெரினியன் 2014 இல் ஒரு முழு நூலே எழுதினார். 1847 விருந்தை மேலே இருந்து திணித்தார்கள். பரட்டையின் உலை, அதே பந்தியில் கடைசியில் உட்கார வைக்கப்பட்டவர்களிடமிருந்து வந்தது. வித்தியாசம் அதுதான்.

ஊதியமே இல்லாத வழியும் உண்டு. 1920களில் இலங்கையில் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனின் ஊழியர்கள் திருமணம் செய்வதில்லை, சம்பளம் வாங்குவதில்லை. விசுவாச வீடு என்ற பொது இல்லத்தில், வந்ததைப் பொங்கிச் சேர்ந்து உண்கிறார்கள். திருமங்கலத்தின் வாடகைக் கட்டிடச் சபைகளில் இருக்கும் பாஸ்டர்கள் குடும்பஸ்தர்கள், தசமபாகத்தை நம்பியவர்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து மாதக்கணக்கில் கோயில்கள் திறக்காமல் கிடந்தபோது இரண்டு வகைக்குமான தூரம் தெரிந்தது. திருமண்டலத்து ஐயருக்குத் தாமதமாகவாவது சம்பளம் வரும். வாடகைச் சபைப் பாஸ்டர் வீட்டு உலை, சபையார் வீட்டு உலையோடு சேர்ந்தே அணைந்தது. சிலர் பெயிண்ட் வேலைக்கும் டெலிவரி வேலைக்கும் போனார்கள். ரோலண்ட் ஆலன் சொன்ன முறை, யாரும் தீர்மானம் போடாமல், கொஞ்ச நாள் நடைமுறைக்கு வந்தது.

அறுப்பின் பண்டிகை நாளில் இந்தக் கணக்கெல்லாம் ஒரே பந்தலுக்குள் வந்து நிற்கும். ஆல்டருக்கு முன்னால் கம்பு, சோளம், மிளகாய் வற்றல், பருத்தி, பூசணிக்காய், வாழைத்தார், காலைக் கட்டிய சேவல்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். மைக் பிடிப்பவர் ஊரிலேயே வாய் நீளமானவர். கடையில் சில்லறைக் காசுக்கு விற்கும் நாட்டுக்கோழி முட்டை ஐம்பது, நூறு என்று ஏறும். வெளியூரில் வேலை பார்க்கும் ஒருவர் தாத்தா பெயரில் கேட்பார். அவரை விடக்கூடாது என்று எதிர்த்தெருக்காரர் ஏற்றுவார். பழைய பகை, புதுப் பணம், நேர்த்திக்கடன், நிஜமான நன்றி எல்லாம் அந்த முட்டை விலைக்குள் இருக்கும். ஏலம் எடுத்தவரே அதைத் திரும்ப ஆல்டரில் வைத்துவிட்டுப் போவதும் உண்டு. அது இரண்டாம் முறை ஏலம் போகும். பிறகு பந்தி. இரண்டு தெருக்காரரும் ஒரே வரிசையில் உட்காருகிற ஊர்கள் இப்போது நிறைய. முதல் பந்தி யாருக்கு என்பதில் மட்டும் முணுமுணுப்பு மிச்சமிருக்கிற ஊர்களும் உண்டு. அங்கே சில ஆயர்கள் கடைசிப் பந்திவரை நின்று பரிமாறிவிட்டு, அந்தப் பந்தியில் உட்காருகிறார்கள். சாயங்காலம் பொருளாளர் நோட்டைத் திறந்து கூட்டுகிறார். ஒரு பங்கு திருமண்டலத்துக்குப் போக வேண்டும், ஐயருக்குச் சம்பளம் வருவது அங்கிருந்துதான். மீதியில் கோயில் கூரைக்கு வெள்ளையடிக்கலாமா, பந்தல்காரருக்குப் பாக்கியைத் தீர்க்கலாமா என்று கமிட்டி அடுத்த புதன்கிழமை கூடுகிறது.